ஒரு கணிப்பொறியில் இரு குடித்தனம்

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் அதற்கு இடும் பணிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை நிரல்தொகுதி. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவதும், எழுதிய கடிதத்தை வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறியை வேலைக்கு அழைப்பதும் அதன் தொழில்களே. கணிப்பொறியை வாங்கும்போதே அஃது உள்ளே அமைந்து வந்துவிடுவதால், இயந்திரமும் இயங்குதளமும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். உண்மை அவ்வாறன்று. வீடு வேறு, குடியிருப்பவர் வேறு. ஒருவர் குடியிருக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் தனிப் பகுதி ஒதுக்கிக் குடிவைக்க இயலும். அவ்வாறு இரண்டாவது இயங்குதளம் ஒன்றை வேறொரு வட்டிலோ, அதே வட்டின் வேறொரு பிரிவிலோ நிறுவும் முறையையும், அதில் நேரக்கூடிய இடர்களையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இந்த வினா இப்பொழுது பலருக்கும் எழுவதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. நிபந்தனையுடன் குறிப்பிட்ட காலத்திற்குத் தரப்படும் நீட்டிப்பில் சேர்ந்தவர்களைத் தவிர, ஏனையோருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வந்தது. அஃது 4 கிகாபைட் நினைவகத்தையும் 64 கிகாபைட் வட்டிடத்தையும் கேட்பதோடு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், தன் பட்டியலில் இடம்பெற்ற செயலியையும் கேட்கிறது. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கி, இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகள் பல இத்தேர்வில் தேறுவதில்லை.

சிறு கடைக்காரரும், அச்சகத்தாரும், கிராமப் பள்ளியின் ஆசிரியரும் இத்தகைய கணிப்பொறியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது எளிதன்று. திருத்தம் வாராத இயங்குதளத்தை வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவதும் நன்றன்று. பழைய இயங்குதளத்தையும் அதிலுள்ள கணக்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, லினக்ஸ் வகையைச் சேர்ந்த இயங்குதளம் ஒன்றை அதன் அருகில் நிறுவி, இணையப் பணிகளை அதில் செய்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகும். இவ்வகை இயங்குதளங்களுள் பெரும்பாலானவற்றுக்கு விலை இல்லை.

நம் நாட்டிற்கு இது புதிய செய்தியும் அன்று. கேரள மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் வழியில் 2017-இல் நிறுவனமாக உருப்பெற்ற கைட் அமைப்பும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைப் பள்ளிக் கணிப்பொறிகளில் பரவச் செய்துள்ளன. நடுவண் அரசின் சீடாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, 2007-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்தது. இந்திய மொழிகளில் பணியாற்றுவதற்கு உரிய வசதிகளை அதில் அமைத்தனர். ஆதலின் இரண்டாவது இயங்குதளத்தை நிறுவுவது வல்லுநர்க்கு மட்டுமே உரிய கலை என்று அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு. அஃது எங்கே நிறுவுவது என்று இடத்தைக் காட்டும் இடம். அதனைப் புரிந்துகொள்ள, வட்டு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

குடும்பச் சொத்தாகிய ஒரு நிலத்தைப் பாகப்பிரிவினை செய்யும்போது மண்ணை யாரும் வெட்டிப் பிளப்பதில்லை. இன்ன எல்லையிலிருந்து இன்ன எல்லை வரை மூத்தவருக்கு, அதற்கு அப்பால் இளையவருக்கு என்று பத்திரத்தில் எழுதுகிறார்கள். வட்டைப் பிரிப்பதும் இவ்வாறே. வட்டின் தொடக்கத்தில் சிறியதொரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்கி எவ்வளவு தொலைவு செல்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். 1983-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 இத்தகைய பதிவேட்டைப் பயன்படுத்தியது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் பதிவேட்டுக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் 16 பைட்டுகள் வீதம் நான்கே பிரிவுகளுக்கு அதில் இடம் இருந்தது. சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை அதனால் அளந்து எழுதவும் இயலாது.

இக்குறைகளை நீக்க வந்தது ஜி.பி.டி. என்னும் புதிய பதிவேடு. அதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. பதிவேட்டின் மறுபடி ஒன்று வட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. முதற்படி கெட்டால் மறுபடி உதவும். எனினும் பதிவேடு பதிவேடே. தவறான வரியை நாமே அடித்து எழுதினால் இரு படிகளும் அவ்வாறே மாறும். பல ஆண்டுகளின் கணக்கும், ஆராய்ச்சிக் கட்டுரையும், குடும்பத்தின் நிழற்படங்களும் அடங்கிய பிரிவு, பதிவேட்டில் ஒரு வரி மாறியதால் கைக்கு எட்டாது போய்விடக்கூடும்.

இரண்டாவது இயங்குதளத்திற்கு இடம் தேடும்போது நம் முன் இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, இருக்கும் வட்டிலேயே ஒரு பிரிவைச் சுருக்கி, கிடைக்கும் வெற்றிடத்தில் புதியதை அமைப்பது. இதற்குச் செலவு இல்லை. மடிக்கணினிகள் பலவற்றில் வேறு வழியும் இல்லை. இரண்டாம் வழி, தனியானதொரு வட்டைப் பொருத்தி அதில் அமைப்பது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திட நிலை வட்டை இதற்கு வாங்கலாம். பழைய வன்தட்டுடன் திணறிய கணிப்பொறி அதனால் விரைவும் பெறும். பழைய வட்டின் பதிவேட்டைத் தொடாமலே வேலையை முடிக்கலாம் என்பதும், ஒரு வட்டு பழுதானாலும் மற்றொன்று பிழைக்கும் என்பதும் இவ்வழியின் சிறப்புகள். மேசைக் கணிப்பொறி வைத்திருப்போர்க்கு இரண்டாம் வழியே தக்கது. எவ்வழியாயினும், லினக்ஸுக்கு 25 கிகாபைட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்குவது நலம். சொந்தக் கோப்புகளும் அங்கேயே தங்குமாயின் அதனினும் மிகுதியாக வேண்டும்.

தனி வட்டில் நிறுவினாலே இரு இயங்குதளங்களும் ஒன்றை ஒன்று சாராதவை ஆகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். இங்கே நுட்பமான ஒரு சிக்கல் மறைந்து கிடக்கிறது. மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறியில் முதலில் விழிப்பது இயங்குதளம் அன்று; தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைநிரல். பழைய கணிப்பொறிகளில் அதனைப் பயோஸ் என்றும், இக்காலத்தனவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் வழங்குவர். பின்னது, வட்டிலுள்ள ஈ.எஃப்.ஐ. பிரிவு என்னும் சிறு பகுதியைத் தேடிச் செல்லும். ஒவ்வோர் இயங்குதளமும் தன்னைத் துவக்கும் நிரலை அதில் தனிக் கோப்புறையில் வைத்திருக்கும். அந்நிரல் ஓடிய பின்னரே இயங்குதளம் எழும். அஃதாவது, இப்பிரிவு வீட்டுச் சாவிகள் தொங்கும் ஆணி போன்றது.

புதிய வட்டில் நிறுவும்போது, நிறுவு நிரல் பழைய வட்டில் ஏற்கெனவே இருக்கும் ஈ.எஃப்.ஐ. பிரிவைக் கண்டு, புதிய சாவியையும் அங்கேயே மாட்டிவிடுவது உண்டு. விண்டோஸின் நிறுவு நிரலும் அவ்வாறு செய்வதுண்டு. லினக்ஸ் வகைகள் சிலவும் அவ்வாறு செய்வதுண்டு. கணிப்பொறி அன்று ஒழுங்காகவே எழும். பழைய வட்டு என்றேனும் பழுதாகும்போதோ, தேவையில்லை என்று அதனைக் கழற்றும்போதோதான் உண்மை வெளிப்படும். புதிய வட்டில் இயங்குதளம் முழுமையாக இருந்தும், அதனைத் துவக்கும் நிரல் இல்லாமையால் கணிப்பொறி எழாது. இதனைத் தவிர்க்க எளிய வழி, நிறுவும் வேளையில் பழைய வட்டின் இணைப்பைக் கழற்றி வைப்பது. அப்பொழுது நிறுவு நிரல் புதிய வட்டிலேயே ஈ.எஃப்.ஐ. பிரிவை அமைத்துக்கொள்ளும், தவறிப்போய்ப் பழைய வட்டை அழிக்கவும் வழி இராது. வேலை முடிந்தபின் பழைய வட்டை மீண்டும் பொருத்தி, எது முதலில் எழ வேண்டும் என்பதை நிலைநிரலின் அமைப்பில் குறிப்பிடலாம்.

இனி, முன்னேற்பாடுகளைப் பார்ப்போம்.

முதலாவது, காப்பு நகல். கோப்புகளை அதே வட்டின் இன்னொரு பிரிவில் படியெடுத்து வைப்பது காப்பு நகல் ஆகாது. வட்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். தனியான புற வட்டு ஒன்றில் படியெடுத்து, அவற்றுள் சில கோப்புகளையேனும் வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்து, பின்னர் அப்புற வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். அதனைப் பொருத்தியபடியே நிறுவத் தொடங்கினால், அழிக்கத் தகும் வட்டுகளின் பட்டியலில் அதுவும் ஒன்றாக வந்து நிற்கும்.

இரண்டாவது, மறையாக்கம். விண்டோஸ் பல கணிப்பொறிகளில் வட்டைப் பிட்லாக்கர் என்னும் முறையால் பூட்டி வைத்துள்ளது. உரிமையாளர் அறியாமலே இஃது நடந்திருப்பதும் உண்டு. துவக்க அமைப்பில் மாறுதல் கண்டால் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி இல்லையேல் கோப்புகளைத் திறக்க வழியில்லை. ஆதலின் எதையும் தொடுமுன் அதனைத் தேடியெடுத்துத் தாளில் எழுதி வைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, விரைவுத் துவக்கம். விண்டோஸ் 8 முதல், கணிப்பொறியை அணைத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி முற்றும் நின்றுவிடாமல், அதன் நிலை வட்டில் எழுதப்பட்டுத் துயில்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. அந்நிலையில் லினக்ஸ் அப்பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். விண்டோஸின் மின்சார அமைப்புகளுள் சென்று இதனை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, பிரிவைச் சுருக்குதல். ஒரே வட்டைப் பகிர்வதாயின், விண்டோஸ் பிரிவை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே சுருக்குவது நலம். வட்டில் வெற்றிடம் மிகுதியாக இருந்தும், சிறிதளவே சுருக்க முடியும் என்று அக்கருவி சில சமயம் கூறும். இடம்பெயர்க்க முடியாத கோப்புகள் நடுவில் அமர்ந்திருப்பதே அதற்குக் காரணம். துயில் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தினால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

ஐந்தாவது, ஒத்திகை. லினக்ஸ் வகைகள் பலவற்றைப் பென் டிரைவிலிருந்தே, வட்டில் எதையும் எழுதாமல் இயக்கிப் பார்க்கலாம். அவ்வாறு இயக்கி, வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, பழகிய விசைப்பலகை முறையில் தமிழ் எழுத வருகிறதா என்று ஒரு நாள் முழுதும் சோதித்துப் பார்ப்பது, பிறகு வருந்துவதைத் தவிர்க்கும்.

முன்னேற்பாடுகள் முடிந்து நிறுவத் தொடங்கும்போது, எங்கே நிறுவுவது என்னும் வினா திரையில் தோன்றும். வட்டுகளின் பெயர்களைக் கொண்டு முடிவு செய்வது இங்கே ஆபத்தானது. விண்டோஸில் இயங்கும்போது டி என்று நாம் அறிந்த பிரிவு, நிறுவு நிரலில் அவ்வெழுத்தோடு வருவதில்லை. அங்கே வட்டு 0, வட்டு 1 என்னும் எண்களே இருக்கும். லினக்ஸில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்னும் பெயர்கள் தோன்றும். வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அப்பெயர்களும் இடம் மாறும். நிறுவப் பயன்படும் பென் டிரைவும் அப்பட்டியலில் ஒன்றாக நிற்கும்.

எனவே வட்டின் கொள்ளளவையும், உற்பத்தியாளரின் பெயரையும், உள்ளேயுள்ள பிரிவுகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே தாளில் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். கொள்ளளவிலும் ஒரு மயக்கம் உண்டு. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகின்றனர். விண்டோஸோ 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. ஆகையால் 500 கிகாபைட் என்று உறையில் அச்சிட்ட வட்டு 465 என்றும், 256 என்று அச்சிட்டது 238 என்றும் தோன்றும். ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள் இருக்குமாயின், ஒன்றைக் கழற்றி வைப்பதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை.

முழு வட்டையும் அழித்து நிறுவுக என்னும் விருப்பம் பெரும்பாலும் பட்டியலில் முன்னே நிற்கும். வெறும் வட்டுக்கு அது தகும். வேறு பிரிவுகள் உள்ள வட்டில் அதனைத் தேர்ந்தால், அப்பிரிவுகள் அனைத்தும் போய்விடும். பிரிவில் நிறுவ விரும்புவோர், அருகில் நிறுவுக என்பதையோ, தாமே பிரிவுகளை அமைக்கும் வழியையோ கொள்ள வேண்டும். இறுதியில், செய்யப்போகும் மாறுதல்களைப் பட்டியலிட்டு, தொடரலாமா என்று நிறுவு நிரல் கேட்கும். லினக்ஸ் நிறுவிகள் பலவற்றில் இவ்விசையை அழுத்தும் வரை வட்டில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. ஐயம் எழுந்தால் விலகிவருவதற்குரிய கடைசி வாயில் அதுவே.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் புதிதாக நிறுவுவோர், விண்டோஸை முன்னும் லினக்ஸைப் பின்னும் நிறுவுவது வழக்கம். விண்டோஸ் தன்னையே முதலில் எழுமாறு அமைத்துக்கொள்ளும். லினக்ஸோ பெரும்பாலும் முன்பிருப்பதைக் கண்டறிந்து, இரண்டுள் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலை அமைத்துத் தரும்.

நிறுவிய மறுநாள் பலரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கி நிற்கும். கணிப்பொறி பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டா. தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடே திரையில் தெரிகிறது. உள்ளூர் நேரத்தையே கடைப்பிடிக்குமாறு லினக்ஸைப் பணித்தால் இச்சிக்கல் தீரும்.

கோப்புகளைப் பொறுத்தவரை, லினக்ஸால் விண்டோஸின் பிரிவுகளைப் படிக்க முடியும். விண்டோஸ் தானாக லினக்ஸின் பிரிவுகளைப் படிக்காது. எனவே இரண்டிற்கும் பொதுவான ஆவணங்களை என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த தனிப் பிரிவில் வைப்பது வசதியானது. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. இயங்குதளம் கெட்டு மீண்டும் நிறுவ நேர்ந்தாலும், ஆவணங்கள் தம் இடத்திலேயே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தவறான பிரிவு நீக்கப்பட்டுவிட்டால் செய்யத்தக்கது யாது? உடனே நிறுத்த வேண்டும். பதிவேட்டில் வரி நீங்கினாலும், வன்தட்டில் கோப்புகள் அக்கணமே அழிந்துவிடுவதில்லை. அவற்றின் மேல் வேறொன்றை எழுதாதவரை, டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் பழைய எல்லைகளைக் கண்டு பதிவேட்டைத் திருத்தி எழுத இயலுவதுண்டு. திட நிலை வட்டுகளில் நிலைமை கடினம். அங்கே ஃபார்மட் செய்தவுடன், பழைய இடமெல்லாம் இனி வெற்றிடமே என்று வட்டுக்கு அறிவிக்கப்படுவது வழக்கம். வட்டு அவ்விடத்தைத் தானே துடைத்துவிடும். அங்கு மீட்பு அரிது. காப்பு நகல் ஒன்றே துணை.

கணிப்பொறியின் உறுப்புகளைக் கடையில் மீண்டும் வாங்கலாம். இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். ஒருவர் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த கணக்கையும் கட்டுரையையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆதலின் நிறுவும் நாளில் முதலில் காப்பு நகலையும் மீட்புச் சாவியையும் கவனித்து, அடுத்து வட்டுகளை அளவாலும் பெயராலும் அடையாளம் கண்டு, இயன்றால் பழைய வட்டைக் கழற்றி வைத்து, அதன்பின் பென் டிரைவைப் பொருத்துவோமாக. இவ்வொழுங்கைப் பின்பற்றினால், பயனற்றது என்று ஒதுக்க இருந்த கணிப்பொறி இன்னும் சில ஆண்டுகள் வீட்டிற்கும் பள்ளிக்கும் உழைக்கும். அதில் முன்னரே இருந்த செல்வமும் குறைவின்றி நிற்கும்.